பதிலாள் வந்தபின் விடுவிக்கப்படுவார்

தென்தீவு கோல்ஃப் கிளப்பில் ஆண், பெண் என்று இரண்டு பால் கிடையாது. ஆண்கள் செக்‌ஷன், பெண்கள் செக்‌ஷன் என்று இரண்டு செக்‌ஷன்கள் உண்டு. இது சின்ன வித்தியாசமாகத் தெரியலாம். ரூபாவுக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்தது.

புரோத்ராபூர் தாண்டி, தென்னந்தோப்பு முடிந்து சதுப்பு தொடங்கும் இடத்தில் இருக்கிறது கிளப். ஒன்பது குழிகள், மழைக்காலத்தில் ஏழு. புல் வெட்ட ஒரு மெஷின் உண்டு. அது பழுதானால் புள்ளிமான்கள் உண்டு. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு வராத நாளே இல்லாத ஊரில், பிளேசர் போட்டுக்கொண்டுதான் சாப்பாட்டு அறைக்குள் நுழைய வேண்டும் என்பது விதி. பிளேசர் இல்லாதவர்களுக்காக வாசல் ஆணியில் ஒரு பொது பிளேசர் தொங்கும். அது காய்ந்து யாரும் பார்த்ததில்லை. பிடிக்காதவர்கள் தாராளமாக வேறு கிளப்புக்குப் போகலாம். கப்பலில் மூன்று நாள், டிக்கெட் கிடைத்தால்.

தலைவர் முத்துகிருஷ்ணன் சர்க்கார் வேலையில் முப்பது வருடமும் ஒரே நாற்காலியில் இருந்தவர். அது மாறுதல் உத்தரவு போடும் நாற்காலி. அதனால் மனித வாழ்க்கையில் நடக்கக்கூடியது எல்லாமே அவருக்கு மாறுதல்தான். மகள் கல்யாணத்தை அவர் இன்றுவரை 'வெளியூர் போஸ்டிங்' என்றுதான் சொல்கிறார். மாமனார் இறந்தபோது உறவுக்காரர்களுக்கு அவர் அனுப்பிய செய்தி: "மாமா நேற்று பிற்பகல் முதல் விடுவிக்கப்பட்டார்."

ரூபா ஒன்பது வருடம் கழித்துத் தீவுக்குத் திரும்பியிருந்தாள். போகும்போது அவளுக்கு வேறு பெயர். அந்தப் பெயர் இந்தக் கதைக்குத் தேவையில்லை, கிளப்புக்குத்தான் தேவைப்பட்டது. அந்தப் பெயரில் அவள் அடித்த பந்தைப் போல இந்த மைதானத்தில் வேறு யாரும் நீளமாக அடித்ததில்லை. பிறகு மெயின்லேண்ட் போனாள். சிகிச்சை, மாத்திரை, கோர்ட், கெஜட் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ரூபாவாக வந்தாள். டாலிகஞ்சில் ஒரு வீடு பிடித்தாள், ஒரு தனியார் கம்பெனியில் கட்டட வரைபடம் போடும் வேலை பிடித்தாள். மிச்சம் ஒரே ஓர் ஆசை. இந்த ஒன்பது வருடத்தில் அவள் ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை. தோள் இளைத்துவிட்டது, இடுப்பு வேறு தினுசில் திரும்புகிறது. இந்த உடம்பிலிருந்து பந்து எவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளப்புக்குப் போனாள். ஆண்கள் செக்‌ஷன் கேப்டன் அழகர்சாமி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். ஒரு காலத்தில் இருவரும் ஒன்றாக ஆடியவர்கள்.

"டேய் மாப்ளே!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தவர், கிட்டே வந்ததும் பிரேக் போட்டார். "மன்னிச்சுக்கம்மா. மேடம். வாய்ப் பழக்கம்."

"பரவாயில்ல கேப்டன். ரூபான்னே கூப்பிடுங்க."

"ரூபா. நல்லா இருக்கு பேரு. ரூபா, ரூபா." இரண்டு தடவை சொல்லிப் பழகிக்கொண்டார். "எப்ப வந்த மாப்ளே?"

"போன மாசம். இன்னிக்கு சிவப்பு டீயிலிருந்து ஆடலாம்னு வந்தேன்."

கோல்ஃபில் ஆட்டம் தொடங்கும் மேட்டுக்கு டீ என்று பெயர். ஆண்களுக்கு வெள்ளைக் கல் வைத்த டீ, பின்னால். பெண்களுக்குச் சிவப்புக் கல் வைத்த டீ, கொஞ்சம் முன்னால். ரூபா சொன்னது கேண்டீன்காரர் காதில் விழ, அவர் உள்ளே திரும்பி, "ஏக் லால் சாய்!" என்று குரல் கொடுத்தார். பாலில்லாத சிவப்புத் தேநீர் ஆவி பறக்க வந்தது. அன்று அவளுக்குக் கிடைத்த சிவப்பு டீ அது ஒன்றுதான். ஏனென்றால் அதற்குள் செயலாளர் சொக்கலிங்கம் வந்துவிட்டார்.

சொக்கலிங்கம் ரோடு காண்ட்ராக்டர். முற்போக்கானவர் என்று தம்மைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம். "வெல்கம் மேடம். நம்ம கிளப்புல இதெல்லாம் பிரச்சனையே இல்ல. பேருக்கு ஒரு ஃபைல் போட்டுத் தலைவர்கிட்ட ஒரு கையெழுத்து. கத்தம், வேலை முடிஞ்சுது!" என்றார். ஃபைல் அட்டையில் ஒரு விரல் அகலத்துக்குத்தான் இடம் இருந்தது. திருநங்கை என்று எழுதினால் இடம் போதாது. நாகரிகமாகவும் இருக்க வேண்டும். ஆகவே 'ரூபா - டிரான்ஸ்.' என்று எழுதிப் புள்ளி வைத்தார்.

முப்பது வருடம் அந்த நாற்காலியில் இருந்த மனிதருக்கு, புள்ளி வைத்த டிரான்ஸ் என்றால் உலகத்தில் ஒரே ஓர் அர்த்தம்தான். முத்துகிருஷ்ணனின் முகம் மலர்ந்தது. ஓய்வு பெற்ற பிறகு அவர் கைக்கு வந்த முதல் கேஸ் அது.

"உக்காரும்மா. எங்கேருந்து எங்கே?"

"சார்?"

"ஆண்கள் செக்‌ஷன்லேருந்து பெண்கள் செக்‌ஷனுக்கு. சரி. சொந்த விருப்பமா, நிர்வாக நலன் கருதியா?"

"சார், இது டிரான்ஸ்ஃபர் இல்ல. நான் பெண். அவ்வளவுதான்."

"நான் அதை மறுக்கவே இல்லையேம்மா." அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "நீ பெண்தான். பார்த்தாலே தெரியுது. கோர்ட்டு சொல்லியாச்சு, கெஜட்டு சொல்லியாச்சு. ஆனா நீ இன்னும் ரிலீவ் ஆகலையே? ஆண்கள் செக்‌ஷன் இன்னும் உன்னை விடுவிக்கல. விடுவிக்காம போய் இன்னொரு இடத்துல எப்படிச் சேருவே?"

சொக்கலிங்கம் குனிந்து, டிரான்ஸ் என்பதன் முழுச் சொல்லைத் தலைவர் காதில் சொன்னார். தலைவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார்.

"தெரியும்யா. அதனால? நம்பர் போட்டாச்சு. மாறுதல் கேஸ்னு நம்பர் விழுந்தப்புறம் அது மாறுதல் கேஸ்தான்." ரூபா பக்கம் திரும்பினார். "நீ கவலையே படாதே. இந்த மாதிரி விஷயத்துக்கு மெயின்லேண்ட்ல சண்டை போடறாங்க, கொடி பிடிக்கறாங்க. இங்க அந்த அசிங்கமெல்லாம் கிடையாது. நானே முடிச்சுத் தர்றேன். முதல்ல இந்த ஒன்பது வருஷம். அனுமதி இல்லாம வராம இருந்திருக்கே."

"அங்க எனக்கு சிகிச்சை நடந்துட்டிருந்தது சார்."

"பயிற்சிக் காலம்னு போட்டுடலாம். ரெண்டாவது, ஆண்கள் செக்‌ஷன்ல உன் இடத்தை ரெண்டு வருஷம் உனக்காகவே வெச்சிருப்போம். புது இடம் ஒத்துக்கலேன்னா திரும்பி வந்துடலாம்."

"திரும்பி வரமாட்டேன் சார்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க. நிக்கோபார் போனவங்களும் அப்படித்தான் சொன்னாங்க."

அழகர்சாமியைக் கூப்பிட்டு, இவரை விடுவிப்பதில் ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்கள். அழகர்சாமிக்கு ரூபாவின் மேல் பிரியம்தான். ஆனால் கேப்டன் என்ற முறையில் கேள்வி கேட்கப்பட்டதும் அவருடைய முதுகு தானாக நிமிர்ந்தது.

"ஆளை விடறதுல ஒண்ணுமில்லண்ணே. ஆனா நம்ம செக்‌ஷன்ல ஏற்கெனவே ஆள் கம்மி. ரெண்டு பேரு மெயின்லேண்ட் போயிட்டாய்ங்க, ஒருத்தருக்கு முட்டி போச்சு. மாத்து ஆளு குடுத்துட்டு இவரைக் கூட்டிட்டுப் போங்க. இவங்களை."

தலைவர் பெருமையோடு தலையாட்டினார். தீவுகளில் இது எல்லோருக்கும் தெரிந்த நியாயம். வெளித்தீவுக்குப் போன வாத்தியாரோ கம்பவுண்டரோ, பதிலாள் கப்பலிலிருந்து இறங்கினால்தான் அதே கப்பலில் ஏறி ஊர் திரும்ப முடியும். பதிலாளுக்குக் கடலைப் பார்த்துப் பார்த்தே ரிட்டயர் ஆனவர்கள் உண்டு.

அவர் ஃபைலில் எழுதினார்: 'பதிலாள் வந்தபின் விடுவிக்கப்படுவார்.'

"பதிலாள்னா?" என்றாள் ரூபா.

"ஆண்கள் செக்‌ஷனுக்கு ஓர் ஆண்."

"புதுசா யாராவது மெம்பரா சேர்ந்தா?"

"அது நியமனம். இது மாறுதல். ரெண்டையும் குழப்பக் கூடாது. எங்கே போறியோ, அங்கேருந்துதான் ஆள் வரணும்."

பெண்கள் செக்‌ஷன் கேப்டன் உமா மகேஸ்வரி, ரூபாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டுதான் பேசினாள். "எங்களுக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு ரூபா. அந்தக் காதணி ரொம்ப அழகு. ஆனா பதினோரு லாக்கர்தாம்மா இருக்கு. பதினோரு பேர் இருக்கோம்."

"எனக்கு லாக்கர் வேண்டாம் மேடம். பையை வண்டியிலயே வெச்சுக்கறேன்."

"லாக்கர் இல்லாத மெம்பர்னு ஒண்ணு வந்தா, நாளைக்கு மெம்பர் இல்லாத லாக்கர்னு ஒண்ணு வரும். அப்புறம் ஒரு கட்டுப்பாடு இருக்குமா, சொல்லுங்க?"

ரூபா கும்பிட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தாள். இரண்டு கைகளும் அவளிடம் இருந்தன.

ஆக, ஒரே வழி பரஸ்பர மாறுதல் என்று கமிட்டி கண்டுபிடித்தது. நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டினார்கள்: 'ஆண்கள் செக்‌ஷனுக்கு மாற விருப்பமுள்ள பெண் உறுப்பினர் விண்ணப்பிக்கலாம்.' ரூபா அதைப் படித்துவிட்டு, இனி இந்த ஜென்மத்தில் பந்தைத் தொடப்போவதில்லை என்று முடிவு செய்து பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

அந்த வாரமே அவளுக்கு கராச்சர்மாவிலிருந்து போன் வந்தது. அங்கே சிமெண்ட், டைல்ஸ் கடை நடத்தும் செல்லம். பெண்கள் செக்‌ஷனில் ஏழு வருட உறுப்பினர்.

"ரூபாதானே? கடைக்கு வாம்மா. நான் ஆம்பளையாப் போறேன்."

சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள் செல்லம். "ஆம்பளைங்களுக்கு சனி ஞாயிறு காலைல ஆட்டம். நமக்கு? செவ்வா மத்தியானம், மண்டை பொளக்கற வெயில்ல. செவ்வாதான் எனக்கு பார்ஜ்ல சரக்கு வர்ற நாள். ஏழு வருஷமா சந்தா கட்டறேன், முழுசா ஏழு ஆட்டம் ஆடலை."

"அதுக்காக, அக்கா, நீங்க..."

"அரே, பேப்பர்லதானே! இந்தக் கடை என் வீட்டுக்காரர் பழனியாண்டி பேர்ல இருக்கு, ஓட்டறது நான். பேப்பர்ல அவர் முதலாளி. இப்ப பேப்பர்ல நான் ஆம்பளை. கியா ஃபரக் படுத்தா ஹை? என்ன வித்தியாசம் வந்துடும்?"

ரூபா மடியில் படிந்த சிமெண்ட் தூளைத் தட்டினாள். பிறகு, "எனக்கு அது பேப்பர் இல்லக்கா" என்றாள்.

செல்லம் அவளை நன்றாகப் பார்த்தாள். "தெரியும்மா. அதான் பயமா இருக்கு. இவனுங்ககிட்ட நிஜமா வேணும்னு போய் நின்னா எதுவும் நடக்காது. சும்மா வேணும்னு கேளு, உடனே குடுப்பானுங்க."

இரண்டு பேரையும் கமிட்டி நேர்காணல் செய்தது. தான் பெண் என்பதை எப்போது உணர்ந்தாள், எப்படி உணர்ந்தாள், வீட்டில் என்ன சொன்னார்கள், வலித்ததா, மழைக்காலத்தில் எப்படி இருக்கிறது என்று ரூபாவைக் கேட்டார்கள். நடுவில் கமிட்டிக்கு மட்டும் சமோசா வந்தது. செல்லத்திடம் ஒரே கேள்வி: ஆண்கள் செக்‌ஷனில் சேர விரும்பும் காரணம்?

"சனிக்கிழமை" என்றாள் செல்லம்.

தெளிவான பதில் என்று குறித்துக்கொண்டார்கள்.

பழனியாண்டி மட்டும் எழுந்து நின்றார். "தலைவரே, நானும் அதுவும் வருஷா வருஷம் தம்பதிக் கோப்பைக்கு ஆடறோம். இனிமே எப்படி?"

"அது இனி ஆண்கள் இரட்டையர்" என்றார் தலைவர். பழனியாண்டி மனைவியைப் பார்த்தார். செல்லம் அவரைப் பார்க்கவில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார்.

ரூபாவை விடுவிக்கும் நாள் வந்தது. ஆண்கள் செக்‌ஷன் பிரிவுபசார விழா ஏற்பாடு செய்தது. பொது பிளேசரை அவளுக்குப் போட்டுவிட்டார்கள். சந்தன மாலை, பொன்னாடை. அழகர்சாமி மைக்கைப் பிடித்தார்.

"நம்ம செக்‌ஷன்ல இத்தனை வருஷம் இவரு... இவங்க... ஒரு புகார் கிடையாது, ஒரு மெமோ கிடையாது. இவங்க அளவுக்கு சிறப்பா ஆம்பளையா இருந்தவங்க யாருமில்ல. எங்கே போனாலும் இதே மாதிரி சிறப்பா இருக்கணும்னு வாழ்த்தறோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். அந்த வருடங்களைப் பற்றி ரூபாவுக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது. ஆனால் நன்றியுரை நிகழ்ச்சி நிரலில் சொக்கலிங்கம் பெயருக்கு எதிரே இருந்தது.

மாலை ஐந்து மணிக்கு அவள் விடுவிக்கப்பட்டாள். ஐந்து மணிக்கே செல்லமும் பெண்கள் செக்‌ஷனிலிருந்து விடுவிக்கப்பட்டு, எதிர் அறையில் ஆணாகப் பொறுப்பேற்றுக்கொண்டு, சனிக்கிழமைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் கடை சாத்தப் போனாள்.

ரூபா மறுநாள் காலையில் பொறுப்பேற்க வேண்டும் என்று உத்தரவில் இருந்தது. விடிந்ததும் குளித்து, புதுச் சட்டை போட்டு, முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பையோடு போய் நின்றாள். லாக்கர் அறை வாசலில் உமா மகேஸ்வரி நின்றிருந்தாள். இந்தத் தடவை அவள் கையைப் பிடிக்கவில்லை. அதைப் பார்த்ததுமே ரூபாவுக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு சின்னச் சிக்கல்மா. நேத்து சாயங்காலம் செல்லம் போயிட்டா. நீங்க இன்னிக்குக் காலைலதான் வர்றீங்க. ராத்திரி முழுக்க அந்த இடம் காலியா இருந்திருக்கு."

"ராத்திரி யாரும் ஆடமாட்டாங்களே மேடம்?"

"ஆட்டம் வேற, இடம் வேற. காலியான இடம் நாள் முடிஞ்சா தானா ரத்தாயிடும். சிக்கனம்னு போன வருஷம் நாங்களே போட்ட ரூல். லாக்கரைக்கூட துடைப்பம் வைக்கக் குடுத்தாச்சு."

ரூபா தலைவரிடம் ஓடினாள். முத்துகிருஷ்ணன் அவளுக்காகவே காத்திருந்தவர்போல, புன்னகையோடு உட்காரச் சொன்னார்.

"சார், இப்ப நான் எந்த செக்‌ஷன்?"

"எந்த செக்‌ஷனும் இல்லை. நீ தலைமையகம். கட்டாயக் காத்திருப்பு."

"எத்தனை நாளைக்கு?"

"காத்திருப்புக்குக் கெடு கிடையாதும்மா. கெடு இருந்தா அது காத்திருப்பு இல்ல, அவகாசம்."

"பழைய இடம் ரெண்டு வருஷம் எனக்காக இருக்கும்னீங்களே?"

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். தலைவர் கவனிக்கவில்லை. "அதுல செல்லம் இருக்காரே" என்றார்.

கட்டாயக் காத்திருப்பின் நிபந்தனைகள் எளிமையானவை. முழுச் சந்தா. காலையிலும் மாலையிலும் வந்து கையெழுத்து. மற்ற நேரம் வராந்தா நாற்காலி. ஸ்டிக்கைத் தொடலாம், பந்தைத் தொடக் கூடாது. பந்தைத் தொட்டால் அது ஆட்டம். ஆண்கள் கழிப்பறையிலிருந்து அவள் விடுவிக்கப்பட்டுவிட்டாள். பெண்கள் கழிப்பறையில் இன்னும் பொறுப்பேற்கவில்லை. தலைமையகத்துக்குக் கழிப்பறை இல்லை. அவசரம் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு புரோத்ராபூர் பெட்ரோல் பங்குக்குப் போய்வந்தாள்.

வேலைக்கு அரை நாள் லீவு போட்டுப் போட்டு வந்தாள். வராமல் விட்டால் காத்திருப்பும் ரத்து என்று சொக்கலிங்கம் நட்பு முறையில் எச்சரித்திருந்தார். சனிக்கிழமைகளில் வெள்ளை டீயிலிருந்து செல்லம் ஓங்கி அடிப்பதை வராந்தாவிலிருந்து பார்ப்பாள். "என்னை வையாதே ரூபா" என்பாள் செல்லம் ஒவ்வொரு தடவையும். "வையலக்கா. முழங்கையை மடக்காதீங்க" என்பாள் ரூபா.

டிசம்பரில் தீவுக் கோப்பை வந்தது. மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பெரிய அதிகாரி தலைமை விருந்தினர். அவர் அதுவரை கோல்ஃபைக் காலண்டரில்தான் பார்த்திருந்தார். முத்துகிருஷ்ணன் உரையாற்றினார்.

"சமத்துவம் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நாம் ஃபைலே போட்டிருக்கிறோம். ஒரு திருநங்கையை ஆண்கள் செக்‌ஷனிலிருந்து முறைப்படி, ஒரு பைசா பாக்கி இல்லாமல், மாலை மரியாதையோடு விடுவித்த ஒரே கிளப் நம்முடையது. இன்று அவர் எந்தச் செக்‌ஷனிலும் அடைபடாத சுதந்திரப் பறவை. அவர் நம் வராந்தாவின் பெருமை. இந்தக் கோப்பையின் முதல் அடியை அவரே அடித்துத் தொடங்கி வைப்பார்!"

ரூபா வராந்தா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்தாள். பையைத் திறந்து நீளமான ஸ்டிக்கை உருவினாள். உமா மகேஸ்வரி மேடைக்குப் போய்த் தலைவர் காதில் ஏதோ சொன்னாள். தலைவர் சொக்கலிங்கத்தின் காதில் சொன்னார். சொக்கலிங்கம் நடந்துவந்து ரூபாவின் காதில் சொன்னார்: "மேடம், பந்து மட்டும் வேண்டாம். ரூல். சும்மா ஒரு சுத்து சுத்திடுங்க. போட்டோவுல தெரியாது."

வெள்ளை டீயும் வேண்டாம், சிவப்பு டீயும் வேண்டாம் என்று இரண்டுக்கும் நடுவே வெறும் புல்லில் அவளை நிறுத்தினார்கள். அவள் ஸ்டிக்கை அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் காலுக்கடியில் புல் இருந்தது. காற்று வலப்பக்கச் சதுப்பிலிருந்து வந்தது. கைகள் தாமாகப் பிடியைத் தேடிப் பிடித்துக்கொண்டன. தோள் திரும்பியது, இடுப்பு அதற்கு முன்னால் திரும்பியது, ஸ்டிக் காற்றைக் கிழித்துக்கொண்டு போய் இடது தோளுக்குப் பின்னால் நின்றது.

அந்தச் சத்தத்தில் எல்லோருடைய முகமும் வானத்தைப் பார்த்து உயர்ந்தது. "போச்சு பாரு மாப்ளே!" என்று அழகர்சாமி கத்தினார். கைதட்டல் ஓய்ந்தபோது தலைமை விருந்தினர் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பியூட்டிஃபுல். பந்து எங்கே விழுந்தது?"

பந்து இல்லை என்று தலைமை விருந்தினரிடம் சொல்லும் வழக்கம் கிளப்பில் இல்லை. முத்துகிருஷ்ணன் சொக்கலிங்கத்தைப் பார்த்தார். போடாத ரோட்டை அளந்து பழகிய சொக்கலிங்கம், "இருநூத்திப் பத்து கெஜம் சார். புல்லுக்குள்ள போயிருக்கு" என்றார்.

"தேடுங்கள், தேடுங்கள். அதை நான் நினைவுப் பரிசாக எடுத்துக்கொண்டு போகிறேன்."

காணாமல் போன பந்தை மூன்று நிமிடம் தேட வேண்டும் என்பது கோல்ஃப் விதி. விதி என்று வந்தால் கிளப் பின்வாங்கியதில்லை. பிளேசர் போட்ட ஆண்கள் செக்‌ஷனும், தொப்பி போட்ட பெண்கள் செக்‌ஷனும் முழங்கால் உயரப் புல்லில் இறங்கிக் காலால் விலக்கி விலக்கித் தேடின. செல்லம்கூட சிரிப்பை அடக்கிக்கொண்டு தேடினாள். சொக்கலிங்கம் தாம் சொன்ன இருநூற்றுப் பத்தாவது கெஜத்திலேயே நின்று தேடினார்.

ரூபாவும் புல்லில் இறங்கினாள். சொக்கலிங்கத்தைத் தாண்டிப் போனாள். இன்னும் பத்தடி போய், காற்று தள்ளியிருக்கக்கூடிய இடப்பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து, அங்கே குனிந்து தேட ஆரம்பித்தாள்.